பத்துக் குதிரையில் மூன்றைப் பொறுக்குவது எப்படி? ரேஸ் புத்தகம் படிக்கப் புதிதாக வருபவர்களுக்கு

அன்றைய ஓட்டங்களையும் குதிரைகளின் விவரத்தையும் அச்சிட்டுத் தரும் ரேஸ் புத்தகத்தை முதன்முதலாகக் கையில் எடுப்பவர், எது ஜெயிக்கும் என்றுதான் தேடுவார். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பெயர் பிடித்துப்போன ஒரு குதிரையிலோ, போன தடவை ஜெயித்த ஒன்றிலோ கண் நின்றுவிடும். அதற்குப் பிறகு படிப்பதெல்லாம் அந்தக் குதிரைக்கு வக்காலத்து வாங்கத்தான்.

வேலை தலைகீழாக நடக்க வேண்டும். எது ஜெயிக்காது என்று பார்த்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வாருங்கள். அடிக்க மனம் வராமல் மிஞ்சுகிற மூன்று நான்கு குதிரைகள்தான் அந்த ரேஸின் உண்மையான போட்டியாளர்கள். அவற்றில் எது முன்னால் வரும் என்பது அடுத்த கேள்வி. அதற்குச் சரியான பதில் எல்லா நாளும் கிடைக்காது.

இங்கே பேசுவது தடை தாண்டாத சமதள ஓட்டங்களை மட்டும், அதாவது ஃப்ளாட் ரேஸ்களை. பெரும்பாலும் 1000 மீட்டர் முதல் 2400 மீட்டர் வரை ஓடுவார்கள். மெல்பர்ன் கோப்பை மாதிரி 3200 மீட்டர் ஓட்டங்களும் உண்டு. சில நாடுகளில் இன்னும் ஃபர்லாங் கணக்குதான். ஒரு ஃபர்லாங் சுமார் 200 மீட்டர், எட்டு ஃபர்லாங் ஒரு மைல்.

முதலில் ரேஸைப் பொறுக்குங்கள்

ஒரு நாளில் ஏழெட்டு ரேஸ் இருக்கும். அத்தனையையும் படிக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இரண்டு வயதுக் குட்டிகள் முதல் தடவை ஓடும் ரேஸில் படிக்க என்ன இருக்கிறது? தகப்பன் பெயர், தாய் பெயர், ட்ரெய்னர் பெயர், அவ்வளவுதான். இன்னொரு பக்கம், பதினெட்டு குதிரைகள் நெருக்கியடித்து ஓடும் 1000 மீட்டர் ஹேண்டிகேப். அதில் தகவல் கொட்டிக் கிடக்கும். ஆனால் குதிரைகள் புறப்படும் கேட் திறக்கும்போது அரை நொடி தாமதித்தாலே ஒரு நல்ல குதிரையின் கதை முடிந்துவிடும்.

பழக ஏற்றது இவற்றுக்கு நடுவில் இருக்கிறது: எட்டு முதல் பன்னிரண்டு குதிரைகள், 1400 முதல் 2000 மீட்டர், ஒவ்வொன்றும் குறைந்தது நாலைந்து தடவை ஓடியிருக்க வேண்டும். அப்படி இரண்டு ரேஸ் கிடைத்தால் அன்றைக்குப் போதும். மற்றவற்றைச் சும்மா வேடிக்கை பாருங்கள்.

ஹேண்டிகேப் என்ற சொல் அடிக்கடி வரும். வேகமான குதிரைக்கு அதிக எடை, மெதுவான குதிரைக்குக் குறைந்த எடை என்று வைத்து, எல்லாம் ஒன்றாகக் கோட்டைத் தொட வேண்டும் என்று ஓர் அதிகாரி கணக்குப் போடுகிறார். அவர் கணக்கில் எங்கே ஓட்டை விழுந்திருக்கிறது என்று தேடுவதுதான் நம் வேலை.

வரிசை எண்ணை நம்பாதீர்கள்

குதிரையின் பெயருக்குப் பக்கத்தில் 40-213 என்று ஓர் எண் வரிசை இருக்கும், முந்தைய ஓட்டங்களில் எத்தனையாவதாக வந்தது என்பதுதான் அது. பெரும்பாலான புத்தகங்களில் வலது ஓரத்தில் இருப்பதுதான் கடைசி ஓட்டம். சிலவற்றில் மாறியிருக்கும், ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். 0 என்றால் பத்தாவது அல்லது அதற்கும் பின்னால். நடுவில் இருக்கும் கோடு, சீசன் மாறியதைக் காட்டுகிறது.

புதியவர்களைக் கவிழ்ப்பது இந்த எண்கள்தான். ஐந்து குதிரை ஓடி, எட்டு லெங்த் பின்னால் இரண்டாவதாக வந்தாலும் 2. பதினாறு குதிரை ஓடிய உயர்தர ரேஸில், இரண்டரை லெங்த் மட்டும் பின்தங்கி ஏழாவதாக வந்தால் 7. ஏழாவதாக வந்த குதிரைதான் நல்ல குதிரை என்று எண்ணை மட்டும் பார்த்தால் தெரியவே தெரியாது. லெங்த் என்பது மூக்கிலிருந்து வால் வரை ஒரு குதிரையின் நீளம், சுமார் 2.4 மீட்டர். நல்ல தரையில் ஒரு நொடிக்குள் ஏறத்தாழ ஆறு லெங்த் ஓடிவிடும். ஆக, இரண்டரை லெங்த் என்பது அரை நொடிக்கும் குறைவு.

எனவே ஒவ்வோர் எண்ணையும் பிடித்து நிறுத்திக் கேளுங்கள்: எத்தனை லெங்த் பின்னால்? எந்தத் தரத்தில்? எந்தத் தரையில்? எத்தனை மீட்டரில்? இந்த நான்கும் இன்றைய ரேஸோடு எவ்வளவு ஒத்துப்போகிறது? காய்ந்த தரையில் 1200 மீட்டரில் வாங்கிய மூன்று வெற்றிகள், ஈரத் தரையில் 1600 மீட்டர் ஓட்டத்துக்குச் சாட்சி சொல்ல வராது.

ஓட்டக் குறிப்பையும் படியுங்கள். வழி கிடைக்காமல் மாட்டிக்கொண்டது, கேட்டிலிருந்து தாமதமாகக் கிளம்பியது, வளைவில் வெளியே ஒதுங்கியே சுற்றியது என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். ஒரு தடவை நடந்தால் அது துரதிர்ஷ்டம், மன்னித்துவிடலாம். மூன்று ஓட்டத்திலும் தாமதமாகக் கிளம்பியிருந்தால் அது அந்தக் குதிரையின் சுபாவம். நாலாவது தடவையும் அப்படியேதான் கிளம்பும்.

தூரம்

கடைசி 200 மீட்டரில் குதிரை என்ன செய்தது என்று பாருங்கள். நெருங்கிக்கொண்டே வந்து தோற்றதா, முன்னால் இருந்து நழுவி நழுவித் தோற்றதா? இரண்டுக்கும் புத்தகத்தில் ஒரே 4தான் போட்டிருக்கும். முதல் குதிரைக்கு இன்னும் 200 மீட்டர் கூட்டினால் நல்லது, இரண்டாவதற்குக் குறைத்தால் நல்லது. இன்றைய ரேஸில் தூரம் எந்தப் பக்கம் மாறியிருக்கிறது என்று பார்த்தாலே பாதி பேர் கவனிக்காத ஒரு போட்டியாளர் கிடைப்பார்.

பெரிய குதிரைகளும் இந்தக் கேள்விக்குத் தப்பவில்லை. 14 தடவை ஓடி 14 தடவையும் ஜெயித்த ஃப்ராங்கெல் என்ற குதிரை, முதல் 12 ஓட்டங்களில் ஒரு மைலுக்கு மேல் போனதே இல்லை. 2012 ஆகஸ்டில் இங்கிலாந்தின் யார்க் மைதானத்தில் பத்து ஃபர்லாங் சொச்சம் ஓட வந்தபோது, தாங்குமா என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். ஏழு லெங்த் வித்தியாசத்தில் பதில் வந்தது. புதிய தூரத்துக்கு வரும் குதிரைக்கு வேறு தடயம் இல்லாவிட்டால் பரம்பரையைப் பாருங்கள். தகப்பனின் மற்ற பிள்ளைகளும் தாயின் மற்ற குட்டிகளும் எந்தத் தூரத்தில் ஜெயித்தன என்பது ஓரளவு வழி காட்டும். ஓரளவுதான்.

தரை

ஒரே குதிரை, ஒரே தூரம், ஒரே ஜாக்கி. தரை மாறினால் ஆளே மாறிவிடும். காய்ந்து இறுகிய தரையை ஃபர்ம் என்றும், நடுத்தரத்தை குட் என்றும், நனைந்ததை சாஃப்ட் என்றும், சேறானதை ஹெவி என்றும் சொல்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் இதையே 1 முதல் 10 வரை எண்ணாகப் போடுகிறார்கள். 1 மிக இறுக்கம், 10 சேறு.

முழங்காலை உயரத் தூக்கி ஓடும் குதிரைக்கு ஈரத் தரை ஒத்துவரும், தரையை ஒட்டி வழுக்கினாற்போல் ஓடும் குதிரைக்கு இறுகிய தரை ஒத்துவரும் என்பது பழையவர்கள் சொல்வது. நான் அதைவிடக் குதிரையின் பழைய ஓட்டங்களைத்தான் நம்புவேன். ஈரத் தரையில் எத்தனை ஓட்டம், அதில் எத்தனை முதல் மூன்று இடம் என்று ஒரு வரி எழுதி வைத்தால் போதும்.

முதல் நாள் இரவு படித்து முடித்த கணக்கைக் காலையில் ஒரு மழை கலைத்துவிடும். ரேஸுக்கு முன்னால் தரை அறிவிப்பையும், விலகிய குதிரைகளின் பட்டியலையும் மறுபடி பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்.

கேட் எண்ணும் ஓட்டத்தின் வேகமும்

இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். இங்கிலாந்தின் செஸ்டர் மைதானம் ஏறக்குறைய ஒரு மைல் சுற்றளவுள்ள வட்டம், திரும்பிக்கொண்டே இருக்கும். அங்கே குறுகிய தூர ஓட்டங்களில் உள்பக்கக் கேட்டில் நிற்பது பெரிய சாதகம். வெளிக்கேட்டில் நிற்கும் குதிரை ஒவ்வொரு வளைவிலும் கூடுதல் மீட்டர்களைச் சும்மா ஓடித் தொலைக்கும். ஆனால் நீளமான நேர்ப்பாதை உள்ள மைதானத்தில் இந்தக் கணக்கு செல்லாது. ஒவ்வொரு மைதானத்துக்கும் அதனதன் குணம் உண்டு. இங்கிலாந்தின் எப்சம் மைதானத்தில் நடக்கும் டெர்பி ஓட்டத்தில் டாட்டென்ஹம் வளைவுக்கு இறக்கத்தில் வர வேண்டும், அங்கே சமநிலை தவறும் குதிரைக்கு வேகம் இருந்தும் பிரயோஜனமில்லை.

அப்புறம், யார் முன்னால் ஓடுவார்கள் என்று ஒரு படம் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குதிரைக்கும் பக்கத்தில் முன், நடு, பின் என்று எழுதுங்கள். முன் என்று ஒன்றுதான் இருக்கிறதா? அதற்கு யாரும் தொந்தரவு தராமல், தன் இஷ்டத்துக்கு வேகத்தை வைத்துக்கொண்டு ஓடும் வாய்ப்பு. அப்படிப்பட்ட குதிரையைக் கடைசியில் பிடிப்பது கஷ்டம். முன் என்று நான்கு இருந்தால், நான்கும் ஒன்றையொன்று விரட்டிக் களைத்துப்போகும், பின்னாலிருந்து வருபவனுக்குக் கொண்டாட்டம். புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் இடம் இது. எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான்.

எடை

1000 மீட்டரில் சுமார் 1.4 கிலோ ஒரு லெங்த்துக்குச் சமம், 1600 மீட்டரில் சுமார் 0.9 கிலோ, 2400 மீட்டரில் சுமார் 0.7 கிலோ என்பது நடைமுறைக் கணக்கு. தூரம் கூடக் கூட அதே எடை அதிக லெங்த்தைத் தின்னும். சுமையைத் தூக்கிக்கொண்டு நாலு படி ஏறுவதும் நாலு மாடி ஏறுவதும் ஒன்றா என்ன!

பயிற்சி ஜாக்கி ஓட்டினால் அவருடைய அனுபவத்தைப் பொறுத்து எடையில் சலுகை உண்டு. இளம் குதிரைகள் வயதில் மூத்தவற்றோடு ஓடும்போதும், பெண் குதிரைகள் ஆண் குதிரைகளோடு ஓடும்போதும் சலுகை தருவார்கள். வயதுக்கேற்ற எடை அட்டவணையை 19ஆம் நூற்றாண்டில் ஒழுங்குபடுத்தியவர் அட்மிரல் ரௌஸ் என்ற ஆங்கிலக் கடற்படைக்காரர். அவர் போட்ட அடித்தளம்தான் திருத்தங்களோடு இன்றும் நிற்கிறது. வயதுக் கணக்கில் ஒரு வேடிக்கை. குதிரை எந்தத் தேதியில் பிறந்தாலும், வடக்கு அரைக்கோளத்தில் ஜனவரி 1 அன்றும் தெற்கில் ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் ஆகஸ்ட் 1 அன்றும் எல்லாவற்றுக்கும் ஒரு வயது கூடிவிடும்.

சின்னச் சின்ன விஷயங்கள்

கடைசி ஓட்டம் முடிந்து எத்தனை நாள்? மூன்று நான்கு வாரம் சகஜம். எட்டு மாதம் என்றால், அந்த ட்ரெய்னரின் குதிரைகள் ஓய்வுக்குப் பின் முதல் ஓட்டத்திலேயே ஜெயிப்பது வழக்கமா என்று பாருங்கள். ட்ரெய்னரின் குதிரைகள் கடந்த இரண்டு வாரமாக எப்படி ஓடுகின்றன என்பதும் முக்கியம், லாயத்தில் ஒரு காய்ச்சல் பரவினால் எல்லாமே சோர்ந்துவிடும். பக்கவாட்டுப் பார்வையை மறைக்கும் கண்பட்டையை முதல் தடவையாகக் கட்டியிருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். பராக்குப் பார்க்கும் குதிரைக்கு அது கவனத்தைத் தரும், பயந்த குதிரையைப் பித்துப் பிடிக்க வைக்கும். ஜாக்கியைப் பற்றி நிறையப் பேசுவார்கள். நான் அவரைக் கடைசியில்தான் பார்ப்பேன்.

ஒரு ரேஸை அடித்துப் பார்ப்போம்

இது நானே கற்பனையாகப் போட்டது. 1400 மீட்டர் ஹேண்டிகேப், எட்டு குதிரைகள், காலையில் மழை, தரை சாஃப்ட்.

1ஆம் எண், 60 கிலோ. கடைசி இரண்டு ஓட்டமும் வெற்றி, இரண்டும் காய்ந்த தரையில் 1200 மீட்டர். ஈரத்தில் ஓடியதே இல்லை. எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். அடிக்கவில்லை, ஆனால் பக்கத்தில் கேள்விக்குறி.

2ஆம் எண், 58.5 கிலோ. கடைசி மூன்று ஓட்டம் 4, 5, 3. பார்க்கச் சாதாரணம். மூன்றும் காய்ந்த தரை, ஒன்றிலும் மூன்று லெங்த்துக்கு மேல் தோற்கவில்லை. போன வருடம் ஈரத் தரையில் இரண்டு தடவை ஓடி இரண்டையும் ஜெயித்திருக்கிறது. இது நிற்கட்டும்.

3ஆம் எண், கடைசி மூன்றும் 0, 0, 9. எந்தச் சாக்கும் எழுதப்படவில்லை. அடி.

4ஆம் எண், 57 கிலோ. 3, 2, 2. எப்போதும் பின்னால் இருந்து வந்து, கோட்டுக்கு அப்பால் போய்த்தான் முன்னுக்கு வரும். இதற்கு 1600 வேண்டும். நிற்கட்டும், ஆனால் ஜெயிக்க வேகமான ஓட்டம் அமைய வேண்டும்.

5ஆம் எண், 56 கிலோ. போன தடவை இதே தூரத்தில், சாஃப்ட் தரையில், ஒரு தரம் கீழே, முன்னாலேயே ஓடி நான்கு லெங்த்தில் ஜெயித்தது. நிற்கட்டும்.

6ஆம் எண் ஒன்பது மாத ஓய்வுக்குப் பின் வருகிறது. அடி. 7ஆம் எண், 6, 7, 5. தலைதெறிக்க முன்னால் ஓடி, 1200க்குள் கால் சோர்ந்துவிடும். அடி, ஆனால் மறந்துவிடாதீர்கள்.

8ஆம் எண், 52 கிலோ, பயிற்சி ஜாக்கிக்கு 2 கிலோ சலுகை, ஆக 50. போன தடவை 5ஆம் எண்ணிடம் நான்கு லெங்த்தில் தோற்று இரண்டாவதாக வந்தது இதுதான். அன்று இரண்டும் 57 கிலோ சுமந்தன. இன்று 5ஐவிட இது 6 கிலோ குறைவாகச் சுமக்கிறது. இந்தத் தூரத்தில் அது ஆறு லெங்த்துக்கும் மேல். காகிதக் கணக்கில் 8 முந்த வேண்டும். ஆனால் ஓட்டக் குறிப்பில், 5ஆம் எண் கடைசி 50 மீட்டரில் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தபடி ஓடியது என்று இருந்தால்? அப்போது நான்கு லெங்த் என்பது உண்மையில் ஐந்தோ ஆறோ. பலன் கிட்டத்தட்டச் சமம்.

இங்கேதான் அடித்துவிட்ட 7ஆம் எண் திரும்பி வருகிறது. அது ஜெயிக்காது, ஆனால் 5ஐ நிம்மதியாக முன்னால் ஓட விடாது. இரண்டும் மல்லுக்கு நின்றால் 2க்கும் 8க்கும் லாபம், 4க்கும் கொஞ்சம். என் வரிசை: 8, 2, 5, 4. வெளியே கேள்விக்குறியோடு 1.

விலையைப் பார்ப்பதற்கு முன்

வரிசையோடு நிறுத்தாமல், ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு எத்தனை என்று எழுதுங்கள். 8க்கு 25, 2க்கு 22, 5க்கு 20, 4க்கு 13, 1க்கு 12, மற்ற மூன்றுக்கும் சேர்த்து 8. கூட்டினால் 100 வர வேண்டும். இதை எழுதி முடித்த பிறகுதான் சந்தை விலையை, அதாவது பந்தயம் கட்டுபவர்களுக்குக் குதிரை ஜெயித்தால் எவ்வளவு தருவார்கள் என்பதைப் பாருங்கள். முதலிலேயே பார்த்துவிட்டால், ஜெயிக்க அதிக வாய்ப்பு என்று சந்தை கருதும் ஃபேவரிட்டுக்குச் சாதகமாக மூளை தானாகவே வேலை செய்யும்.

ஒரு ரூபாய் கட்டி ஜெயித்தால் மூன்று ரூபாய் லாபம், அதாவது ஒன்றுக்கு மூன்று என்ற விலைக்கு அர்த்தம் நூற்றுக்கு 25. ஒன்றுக்கு இரண்டு என்றால் 33 சொச்சம். எல்லாக் குதிரைகளின் விலையையும் இப்படி மாற்றிக் கூட்டினால் 100க்கு மேல் வரும், அந்த மேல்மிச்சம்தான் விலை போடுபவரின் பங்கு. ஃபேவரிட் ஏறத்தாழ மூன்றில் ஒரு ரேஸில் ஜெயிக்கிறது. அதாவது மூன்றில் இரண்டில் வேறொன்று ஜெயிக்கிறது. 1ஆம் எண்ணுக்கு நீங்கள் 12 போட்டு, சந்தை 33 போட்டிருந்தால் குதூகலிக்க வேண்டாம். நான் எதைத் தவறவிட்டேன் என்று இன்னொரு தடவை படியுங்கள். பல சமயம் எதையோ தவறவிட்டிருப்போம். ஆரம்பத்தில் முப்பது நாற்பது ரேஸை இப்படிக் காகிதத்தில் மட்டும் போட்டுப் பார்த்தால், சட்டைப்பைக்குச் சேதம் இல்லாமல் உங்கள் கணக்கின் யோக்கியதை தெரிந்துவிடும்.

பேடக்கில் ஐந்து நிமிடம்

ஓட்டத்துக்கு முன் பேடக் என்ற அடைப்பிடத்தில் குதிரைகளை வட்டமாக நடத்துவார்கள். நிதானமாக, தலையைச் சற்றுத் தாழ்த்தி, பின்னங்கால் முன்னங்காலின் தடத்தைத் தாண்டி விழும்படி நடக்கும் குதிரை நல்ல நிலையில் இருக்கிறது. பின்னங்கால்களுக்கு நடுவே சோப்பு நுரை மாதிரி வியர்வை திரண்டு, வாலைச் சுழற்றிக்கொண்டு, நடத்துபவரை இழுத்தடிக்கும் குதிரை ஓட்டத்தின் ஒரு பங்கை அங்கேயே ஓடி முடித்துவிட்டது. ஆனால் எப்போதும் வியர்க்கிற குதிரையும் உண்டு. அதற்குத்தான் ஒரே குதிரையை இரண்டு மூன்று தடவை பார்த்திருக்க வேண்டும் என்பது. நான் ஒரு காலத்தில் மேனி பளபளப்பைப் பார்த்து மயங்கி, கணக்கில் அடித்துவிட்ட குதிரையைத் திரும்ப உள்ளே சேர்த்துவிடுவேன். எண்ணெய் பூசினாற்போல் மின்னிய அவற்றில் பல, எட்டாவதாக மின்னிக்கொண்டே வந்தன.

ரேஸ் முடிந்ததும் ஜெயித்ததை விட்டுவிட்டு, நீங்கள் வரிசைப்படுத்திய மற்றவற்றைக் காணொளியில் பாருங்கள், முடிந்தால் இரண்டு தடவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும். என் நோட்டில் இருப்பது இந்த மாதிரி: “4: கடைசி 200இல் ஆறாவதிலிருந்து மூன்றாவது. 1600 வரட்டும். 1: வளைவிலேயே தரை பிடிக்கவில்லை, ஜாக்கி விரட்டவில்லை. காய்ந்த நாளில் மறுபடி பார்.”